கரடி ஏற்றிய சிவப்புக்கோடு

ஒரு மலைக்காட்டில் சடையப்பன் என்று ஒரு கரடி இருந்தது. அதற்கு ஒரு பந்தயக் கார் இருந்தது. காரை ஓட்டுவது செவந்தா என்கிற கீரி. எஞ்சினைப் பார்த்துக்கொள்வது ஊசிக்காளை என்கிற முள்ளம்பன்றி. மூன்று பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சு இல்லாமல் இருந்த நேரம் அது. மலைப்பாதைப் பந்தயத்தில் அக்கரைக் காட்டு ஓநாயின் காரிடம் தோற்றிருந்தார்கள். அதுவும் ஒரு வால் நீளத்தில்.

தோற்ற கையோடு கீரி, எஞ்சின் வேலை சரியில்லை என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டது. முள்ளம்பன்றிக்கு அது மனசில் தைத்துவிட்டது. கரடிக்கோ ரெண்டு பேர் மேலும் கோபம். யாரைப் பார்த்தாலும் உறுமல்தான்.

அந்தக் கரடி பந்தயத்தை எப்படிப் பார்க்கும் தெரியுமா? மேலே ஒரு பாறையில் ஏறி நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். காதால்தான் கேட்கும். எந்த வண்டி அதிகமாக அலறுகிறதோ அதுதான் வேகம் என்பது அதன் கணக்கு. ஓநாயின் கார் கடைசிவரை அலறிக்கொண்டே போனது. நம் கார் மட்டும் மேட்டில் ஓரிடத்தில் முக்கி முக்கிச் சத்தம் குறைந்தது. அங்கேதான் தோற்றோம் என்று கரடி முடிவு கட்டிவிட்டது.

அது ஏன் முக்கியது என்றால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று மீட்டரில் ஒரு சிவப்புக்கோடு உண்டு. மீட்டர் முள் அதைத் தொட்டால் பெட்ரோல் தானாக நின்றுவிடும். எஞ்சின் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு விளக்கு எரிந்து, கியரை மாற்று என்று சொல்லும்.

அடுத்த மலைப்பாதைப் பந்தயத்துக்கு முந்தின நாள், கரடி கார் நிற்கும் கொட்டகைக்குள் வந்து நின்றது. சிவப்புக்கோட்டை மேலே தூக்கு, விளக்கையும் தள்ளி எரிய வை என்று உத்தரவு போட்டது.

முள்ளம்பன்றி எடுத்துச் சொல்லத்தான் செய்தது. கோட்டை ஏற்றுவது பெரிய வேலையே இல்லை, கம்ப்யூட்டர் பெட்டியில் அளவை மாற்றினால் முடிந்தது. ஆனால் வால்வை இழுத்து மூடுகிற ஸ்பிரிங் பழசு, அத்தனை வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து இடித்து எஞ்சினை உடைத்துவிடும். புது ஸ்பிரிங் வந்து சேரப் பந்தயம் முடிந்துவிடும் என்றது.

"அப்ப பந்தயம் முடிஞ்சு மாட்டு. இப்ப கோட்டை ஏத்து" என்றது கரடி. "அந்தக் கீரிகிட்ட எதையும் உளறாதே. பயந்துட்டு வண்டிய அமுக்கி ஓட்டும்."

முள்ளம்பன்றி ஒரு நிமிஷம் யோசித்தது. நாலு பேர் முன்னால் என் வேலையைக் குறை சொன்னவள்தானே, எனக்கென்ன வந்தது என்று நினைத்தது. பெட்டியில் அளவை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் கீரி வந்தது. கோடு மேலே ஏறியிருப்பதைப் பார்த்தது. கோட்டை ஏற்றினால் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்றியாக வேண்டும் என்று அதற்குத் தெரியும். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினில் எதைக் கழற்றி மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானை ஓட்டுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஓட்டுகிறவர் வண்டியில் ஏறுவார்.

கீரி கையை நீட்டியது. "பழைய ஸ்பிரிங் எங்கே?"

முள்ளம்பன்றி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றது. நிமிரவே இல்லை.

"உன்னைத்தான் கேக்குறேன் அண்ணே. பழைய ஸ்பிரிங் எங்கே?"

"முதலாளிகிட்ட கேளு" என்றது முள்ளம்பன்றி.

கீரிக்குப் புரிந்துவிட்டது. அதன் உடம்பு ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. மலைப்பாதையில் பாதி தூரம் ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். வளைவில் எஞ்சின் உடைந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் கீரியைப் பள்ளத்தில்தான் தேட வேண்டும். இது முள்ளம்பன்றிக்குத் தெரியும். கரடிக்கும் தெரியும். உள்ளே உட்காரப் போகிற கீரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்குள் கரடி வந்துவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவும் வேடிக்கை பார்க்கவும் முயல், மான், காட்டுக்கோழி என்று கூட்டமும் சேர்ந்துவிட்டது. என்ன இன்னும் கிளம்பவில்லை, பயமா என்று கரடி எல்லார் முன்னாலும் கேட்டது.

"பயந்தான்" என்றது கீரி. "அதனால துணைக்கு நீங்க பக்கத்துல உக்காருங்க முதலாளி. குளத்தங்கரை நேர்ரோட்டுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மலைக்குப் போவோம்."

கரடி திருதிருவென்று விழித்தது. தன் உடம்புக்கு இடம் போதாது என்றது. முயலும் மானும் சேர்ந்து பக்கத்து இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டன. வெயிலில் தலை சுற்றும் என்றது. கண்ணாடியை இறக்கிக்கலாம் என்றது கீரி. கூட்டத்தில் காட்டுக்கோழி களுக்கென்று சிரித்தது. இனி மறுத்தால் மானம் போய்விடும். கரடி ஏறி உட்கார்ந்தது.

குளத்தங்கரை ரோடு கோடு கிழித்தது மாதிரி நேராக இருக்கும். கீரி வண்டியை விரட்டியது. முள் ஏறியது. பழைய கோடு வந்தது. அதற்கு மேல் எஞ்சினுக்கு இழுவையே இல்லை. வேகம் கூடவில்லை, சத்தம்தான் கூடியது. பாறை மேல் நின்று கேட்கிற சத்தம் வேறு. காலுக்கடியில், முதுகுக்குப் பின்னால், பல்லுக்குள்ளேயே அலறுகிற சத்தம் வேறு. தகரமெல்லாம் நடுங்கியது. கரடி கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

"கியரை மாத்து!"

"விளக்கு இன்னும் எரியலையே முதலாளி."

"மாத்துடி! உடைஞ்சிரும்!"

"உடையும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது கீரி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

தள்ளி வைத்த விளக்கு எரிவதற்கு முன்னாலேயே படீரென்று ஒரு சத்தம். புகை. சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி, குளத்துச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. நேர்ரோடு என்பதால் உயிர் தப்பியது.

கரடி இறங்கியதும் முதலில் சொன்ன வார்த்தை, என் எஞ்சினை உடைத்துவிட்டாயே என்பதுதான். கேட்ட கீரிக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

"நீங்க போட்ட கோட்டை நான் தாண்டலை. அதுக்கு முன்னாடியே போயிருச்சு. மலை வளைவுல போயிருந்தா நான் ஒத்தையில பள்ளத்துல கிடந்திருப்பேன். நீங்க பாறை மேல நின்னுக்கிட்டு, சத்தம் நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பீங்க."



முள்ளம்பன்றி மூச்சு வாங்க ஓடி வந்தது, பின்னாலேயே கூட்டமும். அடி பட்டதா என்று கேட்டது. கீரி அதையும் விடவில்லை.

"நான் உன்னைப் பத்திப் பேசுனது தப்புதான். அதுக்கு என் மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? சாக விடுவியா?"

முதலாளி சொல்லாதே என்றார் என்று முள்ளம்பன்றி இழுத்தது.

"அவர் சொன்னாரு. வாயை மூடுனது நீ."

கீரி தலைக்கவசத்தைக் கழற்றிச் சேற்றில் எறிந்துவிட்டு, காட்டுப் பக்கம் நடந்தது. கூட்டத்தில் ஒருத்தரும் அதைத் தடுக்கவில்லை. கரடியும் முள்ளம்பன்றியும் சேற்றில் நின்று, தப்பு உன்னுடையதா என்னுடையதா என்று பொழுது சாயும் வரை கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஓநாய் தனியாகவே ஓடிப் பரிசை வாங்கிக்கொண்டது.

தான் ஏறாத வண்டிக்கு வரம்பை உயர்த்துகிறவனும், ஆபத்து தெரிந்தும் கோபத்தில் வாயை மூடிக்கொள்கிறவனும் செய்வது ஒரே குற்றம்தான்.