நாய் விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் நாய்க்குப் பேச்சு இருந்தது. நாய்க்கு மட்டுமன்று, அணிலுக்கும் ஆட்டுக்கும் காக்கைக்கும் இருந்தது. மனிதர் பேசிய அதே பேச்சைத்தான் அவையும் பேசின. ஆகையால் ஒரு வீட்டில் ஏதேனும் ஒரு பொருள் கெட்டுப்போனால், கெடுத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. கேட்டால் விடை வரும். வந்த விடையை ஒருத்தி என்ன செய்தாள் என்பதுதான் இந்தக் கதை.

செம்மணல் மேடாகிய தேரியின் ஓரத்தில், பனைகள் அடர்ந்த விளை ஒன்றில், பூங்கனி என்பவள் தன் கணவன் சிவனணைந்தானோடு வாழ்ந்து வந்தாள். அவன் பனையேறி. அவன் இறக்கித் தரும் பதநீரை, விடிலி என்னும் ஓலைக் குடிசையில் அடுப்பேற்றிக் காய்ச்சிக் கருப்பட்டியாக வார்ப்பது அவள் வேலை. அவளுடைய விடிலியில் அகப்பை கிடக்க வேண்டிய இடத்தில் அகப்பைதான் கிடக்கும். ஓலைப்பெட்டிகள் பெரியதன்மேல் சிறியதாக வரிசை பிறழாமல் அடுக்கியிருக்கும். ஊரில் அவளுக்கு அப்படியொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்மேல் அவளுக்குப் பெரும் பற்றும் இருந்தது.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் சிவனணைந்தான் ஒரு நாய்க்குட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். உடல் தேரி மண்ணின் நிறம்; முகவாய் மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு.

"காவலுக்கு ஆகும், வச்சுக்கோ," என்றான்.

"காவலுக்கு ஆகுதோ இல்லையோ, கஞ்சிக்கு ஆகும் போலிருக்கு," என்றாள் பூங்கனி. ஆயினும் அதற்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்தாள். கருவாயன் என்று பெயரும் இட்டாள்.

குட்டிக்குப் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் பருவம் வந்தது. ஒரு நாள் காலையில், அடுக்கின் உச்சியில் இருந்த ஓலைப்பெட்டி நார் நாராகக் கிழிந்து தரையில் கிடந்தது.

"யாருலே இதைக் கடிச்சது?" என்று கேட்டாள் பூங்கனி.

"நான்தான் அம்மா!" என்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது கருவாயன். "ஈறெல்லாம் ஒரே தினவா இருக்கு. ஓலை நறுக்கு நறுக்குன்னு நல்லா இருந்துச்சு. நீங்களும் கொஞ்சம் கடிச்சுப் பாக்கீங்களா?"

பூங்கனி ஈர்க்குமாற்றை எடுத்து முதுகில் இரண்டு வைத்தாள்.

அடுத்தது அரிசி புடைக்கும் சுளகின் விளிம்பு. அன்றும் கருவாயன், "நான்தான் அம்மா," என்றது. ஆனால் வால் ஆடவில்லை. அன்றும் அடி விழுந்தது. பிறகு அவள், கடிபடக்கூடிய பொருள்களிலெல்லாம் வேப்பெண்ணெயைத் தடவி வைத்தாள். குட்டி ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, எண்ணெய் படாத பொருளைத் தேடிப் போயிற்று. அது அவளுடைய மட்டைச் செருப்பு.

"நான்தான் அம்மா," என்றது, தொலைவில் நின்றபடியே. "எதைக் கடிக்கலாம்னு சொல்லுங்க, அதை மட்டும் கடிக்கேன்."

"எதையும் கடிக்கக் கூடாது. அதுதான் நான் சொல்லுதது," என்று அதட்டி, அன்றும் முதுகில் இரண்டு வைத்து, பொழுது சாயும்வரை அதைத் தூணில் கட்டிப் போட்டாள்.

பசித்த வயிற்றைப் பார்த்துச் சோற்றை நினைக்காதே என்பதும், பல் முளைக்கும் வாயைப் பார்த்து எதையும் கடிக்காதே என்பதும் ஒன்றுதான். ஆனால் பூங்கனி அப்போது அதை எண்ணிப் பார்க்கவில்லை.

நான்காவது முறை கடிபட்டது அகப்பையின் காம்பு. பற்களின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

"யாருலே?"

கருவாயன் தரையைப் பார்த்தது. "தெரியாதும்மா," என்றது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அது இரக்கத்தால் நின்ற கை அன்று. 'நான்தான்' என்றால் அடித்தாக வேண்டும். அடித்தால், மூன்று முறை அடித்தும் பயனில்லை என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். 'தெரியாது' என்பதோ எவ்வளவு வசதியான சொல்! "அப்போ எலியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பூங்கனி, குட்டியின் சிரட்டையில் ஓர் அகப்பைக் கஞ்சி கூடுதலாகவே ஊற்றினாள். சொல்லால் அடியும் கிடைக்கும், கஞ்சியும் கிடைக்கும் என்பதைக் கருவாயன் அன்று கற்றுக்கொண்டது.

ஒரு வாரத்துக்குள் கிணற்றடியில் பேச்சு பரவிவிட்டது. "மூணே தடவைதான் அடிச்சேன். இப்போ எங்க குட்டி ஒரு துரும்பைக் கூடக் கடிக்காது," என்று பூங்கனியே சொன்னாள். நாய்க்குட்டி வளர்த்த பெண்கள் எல்லாரும் அவளிடம் வழிமுறை கேட்டுப் போயினர்.

வைகாசியில் ஒரு நாள், நண்பகல் கழிந்த வேளையில், சிவனணைந்தானின் தங்கை சந்தனமாரி விடிலிக்கு வந்தாள். வாய் ஓயாதவள்.

"மதினி, உங்க குட்டி சாமியாராப் போயிருச்சாமே! ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க வீட்டுக் குட்டி, அவுக வேட்டியைக் கோவணமாக்கி வச்சிருக்கு."

"வளக்கிற கையில இருக்கு எல்லாம்," என்றாள் பூங்கனி, பாகைக் கிளறியபடி. "ஏ கருவாயா, இங்க வா!"

கருவாயன் வந்தது. அதன் வாயோரத்தில், ஈரமான நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது வாயில என்ன மதினி?"

பூங்கனியின் முகம் அடுப்புச் சூட்டினால் மட்டுமா சிவந்தது? சட்டென்று குனிந்து நாரைப் பிடுங்கினாள். "வெளியில கிடந்த கழிவு நாரு ஒட்டியிருக்கும். ஏலே, எதையாவது கடிச்சியா?"

"இல்லம்மா."

"கேட்டியா? பொய்யே வராது," என்று சொல்லி அவள் நாரை அடுப்பில் எறிந்தாள். அது ஈரத்தோடு சீறி எரிந்தது.

அந்நேரம், வேம்பின் நிழலில் கண்ணயர்ந்திருந்த சிவனணைந்தான் மாலை ஏற்றத்துக்கு எழுந்து வந்தான். "பூங்கனி, தளையை எடு," என்றான்.

தளை என்பது, பனையேறும்போது இரு பாதங்களையும் சேர்த்துப் பிணைக்கும் நார் வளையம். ஏறுபவன் உயிர் அதில்தான் நிற்கும். அந்த விளையில் அதற்கொரு முறை இருந்தது. தளையை எடுத்துக் கொடுப்பவர் அதை மூன்று முறை இழுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்பவர் மறுபடி பார்ப்பதில்லை. பார்த்தால், கொடுத்த கையை ஐயுற்றதாகும்.

நார் இளகட்டும் என்று நீரில் நனைத்து, தாழ்ந்த முளையில் தொங்கவிட்டிருந்த தளையைப் பூங்கனி எடுத்தாள். இழுத்துப் பார்க்க இரு கைகளும் எழுந்தன. அடுப்பில் சீறிய நார் அவள் நினைவில் பளிச்சிட்டது. இங்கே நின்று தளையை விரித்துப் பார்த்தால், அருகில் நிற்பவளும் எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இராது, இது எத்தனை உறுதியான தளை! இவ்வாறு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைச் சுருட்டி அவனிடம் நீட்டினாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவள் காலடியில் கருவாயன் வாயைத் திறந்தது. 'நான்தான்' என்ற சொல் அதன் தொண்டைவரை வந்துவிட்டது. தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும், வந்த சொல்லை விழுங்கிவிட்டது.

அடுப்பில் பாகு பதம் வருவதற்குள் ஓர் அணில் தலைதெறிக்க ஓடி வந்தது. "அம்மா! ஓடி வாங்க! பாதி மரத்துல தளை அறுந்து ஐயா விழுந்துட்டாரு!"

நால்வர் சேர்ந்து அவனைக் கட்டிலில் தூக்கி வந்தனர். மரத்தைத் தழுவியபடியே சறுக்கி விழுந்ததால் உயிர் தப்பியிருந்தான். நெஞ்சில் தோல் இல்லை. வலக்கால் எலும்பு இரண்டு துண்டாகியிருந்தது. சந்தனமாரி வைத்தியரை அழைத்து வர ஓடினாள். மற்றவர் அறுந்த தளையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். அறுபட்ட இடம் பிசிறுபிசிறாகச் சிதைந்திருந்தது. கடித்ததா இற்றதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"என் முறுக்குதான் தப்பு," என்றான் சிவனணைந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் முறுக்கும் தளைக்கு ஏழு விளையிலும் மதிப்பிருந்தது. "எங்கேயோ நாரை இளக்கமா விட்டிருக்கேன். இனி எவன் என்னை நம்பித் தளை முறுக்கித் தரச் சொல்லுவான்?" வலியைவிட அந்த வெட்கமே அவனை அதிகம் வருத்தியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பூங்கனி அவன் தலைமாட்டில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. கூடியிருந்தவருள் ஒருவர், "ஆமாப்பா, யாருக்கும் ஒரு நேரம் கை தப்பத்தான் செய்யும்," என்று ஆறுதல் கூறினார். அப்போதும் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் நின்ற அந்தச் சிறு பொழுதைத்தான் அவள் பின்னாளில் தன்னை மன்னிக்க முடியாத பொழுது என்று எண்ணினாள்.

கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து கருவாயன் கட்டிலருகே வந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காதுகள் மடிந்திருந்தன. வாயைத் திறந்தது.

"வள்," என்றது.

தானே திடுக்கிட்டு, மறுபடி முயன்றது. "வள்! வள்!" வேறொன்றும் வரவில்லை. அடிக்கு அஞ்சியும் கஞ்சிக்கு ஆசைப்பட்டும் விழுங்கி விழுங்கி, அந்தச் சொல் இருந்த இடமே அதன் தொண்டையில் தூர்ந்துபோயிருந்தது. அதனோடு மற்றச் சொற்களும் போய்விட்டன.

"சீ, இந்த நேரத்துல இது வேற," என்று ஒருவர் காலால் தள்ளினார். அது போகவில்லை. சிவனணைந்தானைப் பார்த்துக் குரைத்தது. அறுந்த தளையைப் பார்த்துக் குரைத்தது. பிறகு தலையைத் தரையோடு சேர்த்து வைத்துக்கொண்டது.

அது எதைச் சொல்ல முயல்கிறது என்று அங்கே ஒருத்திக்குத் தெரியும். எத்தனை முறை கேட்ட சொல்! கேட்கும்போதெல்லாம் ஈர்க்குமாற்றால் திருப்பி அனுப்பிய சொல்!

"நான்தான்," என்றாள் பூங்கனி.

எல்லாரும் திரும்பினர்.

"நாய் கடிச்சிருக்கு. அது வாயில நாரைப் பாத்தேன். பாத்தும் அடுப்புல போட்டேன். தளையை இழுத்துப் பாக்கலை; பாத்துட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். முன்னாடி அது உண்மையைச் சொன்னப்போ எல்லாம் அடிச்சேன். பொய் சொன்னப்போ கஞ்சி ஊத்தினேன். நான்தான்."

வைத்தியரோடு வந்து வாயிலில் நின்ற சந்தனமாரி, அவருக்கு வழிவிடவும் மறந்து மதினியையே பார்த்தாள்.

சிவனணைந்தான் சுவர்ப்பக்கம் இருந்த முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். பிறகு, "அப்போ என் முறுக்கு தப்பில்லையா?" என்று மட்டும் கேட்டான்.

வைதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அந்தக் கேள்விக்கு, "இல்லைங்க," என்று விடை சொல்வதற்குள் அவளுடைய உயிர் பாதி போய்விட்டது.

எலும்பு கூடியது, கால் சற்றுக் குட்டையாகவே கூடியது. மறு பங்குனியில் சிவனணைந்தான் மீண்டும் ஏறினான். பூங்கனி மூன்று முறை இழுத்துப் பார்த்தே தளையைக் கொடுத்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் வாங்கிய தளையைத் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். அவள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருவாயனுக்குச் செய்ய வேண்டியதை அவள் முன்பே செய்துவிட்டாள். தளை அறுந்த மறுநாளே, பழம் சூப்பிக் காயவைத்த பனங்கொட்டை ஒன்றை நாரோடு கழுவி அதன்முன் வைத்தாள். "இது உனக்குத்தான். கடி," என்றாள். அவள் அங்கிருந்து அகலும்வரை அது தொடவில்லை. பிறகு மாலைவரை கடித்தது. அதன்பின் விடிலியில் ஓர் ஈர்க்குக் கூடக் கடிபடவில்லை. இத்தனை எளிய செயல். அதுவே கேட்டபோதும் செய்யாமல் விட்ட செயல். "ஏதாவது பேசுலே," என்று அவள் எத்தனையோ நாள் அதன் மோவாயைத் தடவிக் கேட்டாள். அது கையை நக்கியது, பேசவில்லை.

செய்தி பரவியபோது மற்ற நாய்களும் வெட்கி வாய் மூடின. சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாத நாக்கு தங்களுக்கும் வேண்டாம் என்று சொற்களை விட்டுவிட்டன; குரைப்பை மட்டும் வைத்துக்கொண்டன. அணிலும் ஆடும் காக்கையும் பேச்சை இழந்தது வேறு கதை. ஒரு முறை சொல்லாமல் விட்டதற்கு ஈடாக, ஓலை அசைந்தாலும் அயலார் நிழல் தெரிந்தாலும் உடனுக்குடன் குரைத்துச் சொல்லிவிடுகின்றன.

அன்று முதல்தான், கடித்துக் குதறிய பொருளின் அருகே நாய் தலை கவிழ்ந்து நிற்கிறது. ஓங்கிய கையோடு வந்த மனிதரும், ஏனென்று தமக்கே விளங்காமல், அதன் கண்ணை நேராகப் பார்க்க மாட்டாமல் நிற்கின்றனர்.