சிரிக்க வைக்கிற கேமரா

"டீச்சர், எந்தக் கேமரா வாங்கினா ஆள் சிரிக்கும்?"

லிங்கத்துரை அண்ணாச்சி எங்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. மனுஷன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடை மாடி. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஹ்மத் டீச்சர் எங்களுக்கு வீடியோ எடுக்கவும் எடிட் பண்ணவும் சொல்லித்தருவார். மற்ற நாளெல்லாம் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது.

அண்ணாச்சிக்குப் பெயிண்ட் கடை. தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. தோளில் ஒரு பெரிய கேமரா பை.

டீச்சர் கேட்டார். "இருக்கிற கேமராவுல என்ன கோளாறு அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி அதுல சிரிக்க மாட்டேங்கா."

நாங்கள் சிரித்துவிட்டோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். மகள் வதனி நியூசிலாந்தில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளைகாப்புக்கு ஊருக்கு வர வழியில்லை. போனில் முகத்தைப் பார்த்தால் போதும், தாயும் மகளும் ஓவென்று அழுகிறார்கள். அழுகைதான் நடக்கிறது, பேச்சு நடப்பதில்லை.

"எப்பா, அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க. எனக்கு வேற சீர் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதா டீச்சர்."

சொல்லிக்கொண்டே அண்ணாச்சி பையின் வாரைத் திருகினார். எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சற்று முன் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் வீடியோவைப் போடச் சொன்னார்.

திரையில் அண்ணாச்சி மனைவி பிரம்மசக்தி மதினி பட்டுச்சேலை கட்டி, சுவரோடு சுவராக நின்றார். ஆதார் கார்டுக்கு எடுக்கிற முகம். "ரெடி, ஒன், டூ, த்ரீ, சிரி!" என்று அண்ணாச்சி அதட்டுகிறார். மதினி பல்லைக் காட்டுகிறார். அவ்வளவுதான்.

"லென்ஸ் மாத்தணுமா டீச்சர்?"

டீச்சர் லென்ஸ் மூடியை எடுத்து மூடி, கேமராவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் வாங்காம அடுத்த வாரம் வாங்க."

அண்ணாச்சி கேட்கிற ஆளா?

அடுத்த வாரம் ஒரு பெரிய லைட்டோடு வந்தார். போட்டுக் காட்டினார். எங்கள் கண் கூசியது.

டீச்சர் எழுந்துபோய் லைட்டை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். உள்ளே வெயில் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அண்ணாச்சி என் காதில் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இன்னும் இங்க வாறேன்?" என்றேன்.

அதற்கடுத்த வாரம் மைக். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க அதன்மேல் மாட்டுகிற ரோம உறை வேறு.

"டீச்சர், இதைப் பாத்துட்டு அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அணில் குஞ்சை எங்க பிடிச்சிய, பாலு குடிச்சதான்னு கேக்கா. அதுக்கு ஒரு கிண்ணத்துல பாலு வேற ஊத்தி வச்சா. வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்துட்டா."

"அப்புறம்?"

"நான் ரெடின்னு சொல்லி ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன். மறுபடியும் ஆதார் கார்டு."

டீச்சருக்கு டீ வந்தது. ஒரு மடக்கு குடித்தார்.

"மதினி சிரிச்சப்ப நீங்க சிரிச்சியளா?"

"நான் எங்க சிரிக்க? நான் ஃபோகஸைல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்!"

டீச்சர் மீதி டீயையும் குடித்து முடித்தார். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். அண்ணாச்சி பையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு மனுஷன் படியேறி வந்த கோலத்தைப் பார்க்கணுமே! சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"போச்சு டீச்சர். எல்லாம் போச்சு."

"உக்காருங்க. என்ன போச்சு?"

"இன்னைக்குத்தான் வளைகாப்பு. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க வதனி சிநேகிதிமாரு வளையல் அடுக்கப் போறாங்க. அதுக்காக நேத்துப் பூரா எடுத்தேன். வீட்டுக்காரி முந்திரிக்கொத்து சுட்டா. அந்தப் பலகாரம்னா வதனிக்கு உசிரு. பயறு வறுக்கிறதுல இருந்து எல்லாத்தையும் எடுத்தேன். இப்ப கார்டைப் போட்டுப் பாத்தா தரையும் என் வேட்டியும்தான் இருக்கு!"

டீச்சர் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினார். பார்க்கப் பார்க்க நடந்தது விளங்கியது.

கேமராவைக் கழுத்தில் மாட்டும்போதே பட்டன் அமுங்கி ரெக்கார்டு ஓட ஆரம்பித்திருக்கிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட மனுஷனுக்குத் திரையில் இருந்த சின்னச் சிவப்புப் புள்ளி தெரியவில்லை. அப்புறம் அவர் "ரெடி" என்று அமுக்கினால் நிற்கும். "முடிஞ்சது" என்று அமுக்கினால் ஓடும். நாள் பூரா இதே கதை. எடுக்கணும் என்று நினைத்ததில் ஒன்றுகூட இல்லை. எடுக்கவே நினைக்காதது அத்தனையும் இருந்தது.

இந்தத் தப்பை எங்களில் பண்ணாதவர் கிடையாது. ஆனால் ஒரு நாள் முழுக்கப் பண்ணிய சாதனை அண்ணாச்சிக்கே.

"கார்டை அழிச்சிருதேன் டீச்சர். ஓடிப்போய் மறுபடியும் எடுத்துட்டு வாறேன். ஒரு நல்ல ஸ்டாண்டு மட்டும் குடுங்க." அண்ணாச்சி மவுஸை நோக்கிக் கையை நீட்டினார்.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்.

திரையில் தரை. பிறகு வேட்டி. பிறகு எண்ணெய்ச் சட்டி. மதினியின் குரல் மட்டும் கேட்டது.

"ஏங்க, அந்த அணிலைத் தள்ளி வைங்க. சட்டிக்குள்ள விழுந்துச்சுன்னா அதையும் சேத்துச் சுட்டு மகளுக்கு அனுப்பிருவேன்!"

அடுத்ததில், அண்ணாச்சி கேமராவை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்திருக்கிறார். படம் பக்கவாட்டில் கிடக்கிறது. மதினி தெரிகிறார். பழைய நைட்டி, தோளில் துண்டு. அண்ணாச்சி சட்டியிலிருந்து எடுத்த கொத்தை அப்படியே வாயில் போட்டுவிட்டு ஹூ ஹா என்று குதிக்கிறார். மீசை பூராவும் மாவு.

"ஏட்டி வதனி, உங்கப்பன் ஆட்டத்தை வந்து பாருட்டி!"

மதினி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிரிக்கச் சிரிக்கக் கீழே சரிந்து உட்காருகிறார். கண்ணில் நீர் வழிகிறது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி சிரிக்கிறார்.

பிறகு அண்ணாச்சியின் குரல். "சரி சரி, ரெடி!"

"ஐயோ" என்று எழுந்த மதினி, ஆதார் கார்டு முகத்தை எடுத்து மாட்டுகிறார். அந்த இடத்தில் படம் நின்றுபோகிறது.

வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தோம். எனக்கு இருமலே வந்துவிட்டது.

டீச்சர் வேலையை ஆரம்பித்தார். கை பறந்தது. வேட்டியைக் கொஞ்சம் குறைத்தார். சிரிப்பில் கை வைக்கவில்லை. நடுவில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனை அப்படியே விட்டார்.

"அது எதுக்கு டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"வதனி பிறந்த வீட்டு ஃபேன்தான?"

அண்ணாச்சி அந்த ஃபேனை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுசாக ஒருமுறை கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாம் அருமை டீச்சர். ஒரே ஒரு குறை. பின்னால எவனோ ஒருத்தன் கெக்கெக்கேன்னு கனைக்கான். வீட்டுக்காரி சிரிக்கிறப்பல்லாம் அவனும் கனைக்கான். அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துருவோம். அதுக்குத் தனியா ஒரு சாஃப்ட்வேர் இருக்காம்லா, இப்பவே வாங்கிருதேன்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டீச்சர் கேட்டார். "நேத்து வீட்ல யார் யாரு இருந்தா?"

"வேற யாரு? நானும் அவளும்தான்."

சொல்லிவிட்டு அண்ணாச்சி அப்படியே நின்றார்.

மெதுவாக ஹெட்போனை மறுபடி மாட்டினார். கேட்டார். திரும்பவும் முதலிலிருந்து வைத்துக் கேட்டார். காது மடல் சிவந்துபோனது.

"நானா டீச்சர்?"

டீச்சர் வீடியோவை அண்ணாச்சி போனில் ஏற்றி, வதனிக்கு அனுப்புகிற பட்டனை அமுக்கினார்.

கீழே கடையில் டயருக்குக் காற்று அடிக்கிற ஓசை மட்டும் கேட்டது. அண்ணாச்சி போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்களும் அதையேதான் பார்த்தோம். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

போன் சிணுங்கியது. வதனி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

அண்ணாச்சி நெற்றியில் இருந்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார். நான்தான் அமுக்கிவிட்டேன்.

பேச்சு ஒன்றும் இல்லை. கை நிறைய வளையல் குலுங்குகிற சத்தம். அதற்கும் மேலே, அடக்க அடக்க அடங்காமல், கெக்கெக்கே, கெக்கெக்கே, கெக்கெக்கே.

அச்சு அசல் அண்ணாச்சிதான்.

டீச்சர் மவுஸைப் பிடித்தார். "அண்ணாச்சி, இதுலயும் அந்தச் சத்தம் வருது. எடுத்துருவோமா?"

அண்ணாச்சி போனைச் சட்டைக்குள் போட்டு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"தொட்டுராதிய டீச்சர்!"