கடைசி ஸ்டேஷன் கணக்கு

ரயில் வழியில் நின்றாலே தவமணிக்கு வயிற்றைக் கலக்கும். பாதி வழியில் மேட்டுக்கரை ஸ்டேஷனில் இறங்கி, ரயில்வே அதிகாரி கோதண்டத்தின் ஆபீசைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. இன்னொரு நாள் லேட்டானால் வேலை கிடையாது என்று அவர் சொல்லியிருந்தார். அன்றைக்கும் வண்டி அரை மணி லேட்.

மூச்சிரைக்க ஓடினாள். உள்ளே, அதே வண்டியை நேரம் தவறாமல் ஓட வைத்ததற்காகக் கோதண்டத்துக்குக் கேடயம் கொடுக்க மேலதிகாரி அம்மா வந்திருந்தார்.

"ஏன் லேட்டு?" கோதண்டம் உறுமினார்.

"வண்டி லேட்டுங்க ஐயா."

"பொய்! கடைசி ஸ்டேஷனுக்கு எப்போ போய்ச் சேருதோ அதான் கணக்கு. அங்க கரெக்டா போயிடும். நடுவுல எங்க படுத்து எந்திரிச்சா உனக்கென்ன? நீதான் லேட்டு. நாளைலேர்ந்து வராதே!"

நடுவில் எவ்வளவு லேட்டானாலும் ஈடுகட்ட, அட்டவணையில் கடைசித் துண்டுப் பாதைக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்கியிருப்பது அந்த வண்டியில் போகிற எல்லோருக்கும் தெரியும். தவமணி விடவில்லை.

"அப்போ அதே கணக்கை எனக்கும் போடுங்கய்யா. சாயங்காலம் நான் கிளம்புறப்போ ஆபீஸ் பளபளன்னு இருக்கும். அதான் என் கடைசி ஸ்டேஷன். நடுவுல எப்போ வந்தா உங்களுக்கென்ன?"

நீட்டிய கேடயத்தை மேலதிகாரி அம்மா பின்னுக்கு இழுத்தார். "சொல்லுங்க கோதண்டம், லேட்டு இவளா, வண்டியா?"

கோதண்டம் கேடயத்தையே பார்த்தார். "ரெண்டுமே லேட்டில்லீங்க மேடம்."

"நல்லது. இவ வேலைக்கு வரட்டும். நாளைக்கு நானும் அதே வண்டியில வந்து இங்க இறங்குறேன். கேடயத்தை அப்போ வாங்கிக்குங்க."

மறுநாள் கோதண்டம் பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றைக் கலக்கியது அவருக்கு.