மூன்று மதிப்பெண் வாங்கியவள்

"அம்மா, நீங்க யாரையும் ஒரு கேள்விகூடக் கேக்கிறதில்ல. பிறகு யாருக்கு என்ன நோய்னு எப்படித் தெரியுது?"

கேட்டவர் டாக்டர் அறவாழி. வயது ஐம்பத்திரண்டு.

பதில் சொல்ல வேண்டியவள் வடிவாம்பாள். மலையடிவாரத்தில், மனம் கலங்கியவர்கள் வந்து தங்கும் மடத்தை நடத்துகிறவள். அவரைவிடப் பதினொரு வயது இளையவள்.

"நீங்க இவ்வளவு கேள்வி கேக்கியளே, உங்களுக்குத் தெரியுதா?" என்றாள்.

சீடனாக இருக்க வந்ததாகத்தான் அறவாழி ஊரில் சொல்லிக்கொண்டார். சுத்தப் பொய். உலகத்து மனநோயை எல்லாம் அளந்து பார்க்கும் ஒரு பெரிய நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. மடத்தில் நடப்பது வைத்தியமா, பித்தலாட்டமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பித்தலாட்டம்தான் என்று அவர் வரும்போது பேருந்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நோயாளி வருமுன் அக்கம்பக்கத்தில் துப்புக் கேட்டு வைக்கிறாளா? கஞ்சியில் எதையாவது கலக்கிறாளா? ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததாலேயே சந்தேகம் இன்னும் பெருத்தது.

அவளுக்கும் அவர் நோயை அளக்கக் கொண்டுவந்த படிவத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. பன்னிரண்டு கேள்வி, முப்பது நாட்டிலும் இதே கேள்விதான் என்று அவர் ஒருநாள் பெருமையடித்தபோது, முப்பது நாட்டிலும் ஒரே மாதிரியா அழுகிறார்கள் என்று கேட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று காலை அவர் சண்டைக்கு வந்ததற்குக் காரணம் சுடலைமுத்து.

சுடலைமுத்துவின் ஒரே மகள் ஒன்பது நாளைக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். முந்தின நாள் அறவாழி படிவத்தோடு அந்த வீட்டுக்குப் போயிருந்தார். மனுஷன் வாங்க என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை. கிளம்பும்போது ஏறிட்டும் பார்க்கவில்லை. மழிக்காத முகம், ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை. படிவத்தில் இருபத்தொரு மதிப்பெண் விழுந்தது. பத்தைத் தாண்டினாலே ஆபத்து.

சுடலைமுத்துவின் மனைவி பேச்சிக்கனிக்கு மூன்றுதான்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு படுக்கை காலியாக இருந்தது. சாயங்காலம் வண்டி வந்து சுடலைமுத்துவை ஏற்றிக்கொண்டு போகும், வர இரண்டு வாரமாவது ஆகும் என்றார் அறவாழி. பேச்சிக்கனி வீட்டில் தனியாக இருந்துகொள்வாளாம். அவளுக்கென்ன, தெம்பாகத்தான் இருக்கிறாள் என்றார்.

வடிவாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவோம்."

வழியெல்லாம் அறவாழி அவள் கையையே பார்த்துக்கொண்டு நடந்தார். திருநீறு இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, தாயத்து இல்லை. வெறுங்கை.

வாசலில் அவள் நின்றாள்.

அரிசிமாவில் பெரிய இழைக்கோலம். சுற்றிலும் காவிக்கரை. மாவு இன்னும் காயவில்லை. அறவாழி மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"வாங்க, வாங்க" என்று பேச்சிக்கனி எதிரே வந்தாள். தலை படிய வாரியிருந்தாள். உட்காரப் பாய் விரித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் காப்பி வந்துவிட்டது.

சுடலைமுத்து மூலையில் கிடந்தார். வடிவாம்பாள் அவருக்கு எதிரே வெறுந்தரையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்சநேரத்தில் அவர் தோள் குலுங்கியது. அவளும் அழுதாள்.

நடிக்கிறாள் என்று நினைத்தார் அறவாழி. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைப்பதைப் பார்த்த பிறகு, நடிக்கிறவள் இவ்வளவு அசிங்கமாக அழமாட்டாளே என்றும் நினைத்தார்.

பேச்சிக்கனி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணில் ஈரமே இல்லை.

திரும்பி வந்தவளிடம் வடிவாம்பாள் பேச்சுக் கொடுத்தாள். "கோலம் பெருசா இருக்கே, அக்கா."

"நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்புதேன்லா. வாசல் வெறிச்சுன்னு கெடக்கக் கூடாது பாத்துக்கிடுங்க" என்று சொல்லிச் சிரித்தாள் பேச்சிக்கனி.

அறவாழிக்குச் சந்தோஷமாக இருந்தது. வரும் நாட்களைப் பற்றி ஏதாவது திட்டம் வைத்திருக்கிறீர்களா என்பது படிவத்தில் ஒன்பதாவது கேள்வி.

வடிவாம்பாள் எழுந்தாள். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தாள். என்ன மரியாதை இது என்று அறவாழிக்கு வெட்கமாகப் போயிற்று. அவளுக்கும் சேர்த்து அவரே கைகூப்பி, போய்வருகிறோம் என்றார்.

"போயிட்டு வாங்க சார்" என்றாள் பேச்சிக்கனி.

தெருவில் வடிவாம்பாள் காத்திருந்தாள்.

"வண்டி சாயங்காலம் வந்தா ஆகாது. இப்பமே வரச் சொல்லுங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே, இருபத்தொன்னுன்னு."

"அவருக்கு இல்ல. அக்காவுக்கு. வண்டி வருத வரைக்கும் நான் அவகூட இருக்கேன்."

அறவாழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் படிவத்தைப் பொய்யாக்கத்தான் இவள் இப்படி மாற்றிச் சொல்கிறாள் என்று பட்டது. மூன்று வாரமாகத் தேடிய குட்டு இதோ வெளிப்பட்டது. மூன்று மதிப்பெண் வாங்கியவள், வாய் நிறைய வரவேற்றவள், காப்பி கொடுத்தவள், கோலம் போட்டவள், அவளுக்கா ஆஸ்பத்திரி என்று நடுத்தெருவில் நின்று கத்தினார்.

வடிவாம்பாள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க அய்யா தவறினப்போ உங்க வீட்டு வாசல்ல எத்தன நாள் கோலம் போடல?"

"பதினாறு நாள்." யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

"சாவுக்குத் துட்டி கேக்க வந்தவங்கள உங்க அம்மா வாங்கன்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லை. வந்தவர்களும் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. அவருக்கு அப்போது பதினான்கு வயது. எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் நேற்று அந்த வீட்டில் எண்கள் போட்டிருக்கிறார்.

"பெத்த மகளுக்குப் பதினாறு கழியல. எந்தத் தாயாவது ஊருக்குக் கிளம்புவாளா?"

அவர் படிவத்தைப் புரட்டி ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தார்.

"எந்த ஊருக்கு, டாக்டரய்யா?"

அறவாழி போனைக் காதில் வைத்துக்கொண்டே, அவளுக்கு முன்னால் அந்த வீட்டைப் பார்த்து ஓடினார்.