கொக்குக்கு வைத்த பொட்டு

"குருவே, இதுல எதை மொதல்ல மாட்டலாம்?"

கேட்டுக்கொண்டே இன்னாசி கோணிப்பையைப் பட்டறைத் தரையில் கவிழ்த்தார். பந்தயக் காருக்குப் போடும் கேம் ஷாப்ட் ஒன்று. இரட்டை கார்புரேட்டர். அப்புறம் ஒரு சைலன்சர். அடேயப்பா, அதற்குள் ஒரு முயல் குடும்பமே நடத்தலாம்!

குரு என்றதும் தாடியும் காவியும் தேடாதீர்கள். வைரமணிக்குச் சேலத்தில் என்ஜின் பட்டறை. பந்தயத்துக்குப் போகும் வண்டிகள் அவர் கைபட்டுத்தான் போகும். வயதில் இன்னாசியைவிடச் சின்னவர். சீடனை "அண்ணே" என்று கூப்பிடும் குரு. இன்னாசியும் தானாக வந்து ஒட்டிக்கொண்ட சீடர்தான். விரட்டிப் பார்த்தும் போகவில்லை.

"யாருக்குண்ணே இதெல்லாம்?"

"நம்ம கொக்குக்குத்தான்."

கொக்கு என்பது அவருடைய கார். வெள்ளை நிறம், எழுபத்தெட்டாம் வருஷத்துப் பிறவி. அஸ்தம்பட்டியில் பேக்கரி வைத்திருக்கும் இன்னாசி, தினமும் பின்சீட்டில் கேக் பெட்டிகளை அடுக்கி, முன்சீட்டில் மனைவி தெரசாவை ஏற்றி, ஏற்காட்டுக் கடைகளுக்கு அதில்தான் போவார்.

போன வாரம் மலையில், பதினோராவது வளைவில், கொக்கு நின்றுவிட்டது. குபுகுபுவென்று ஆவி. தெரசா இறங்கினார். கிரீம் கேக் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று மேலே நடந்தார். கொக்கு மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி உருண்டு போனபோது அடுத்த வளைவில் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் போனவர்கள் கை தட்டினார்கள்.

"கிறிஸ்துமஸ் ஆர்டருக்குள்ள இது ஒழுங்கா மலை ஏறணும். இல்லைன்னா வித்துட்டு வேன் வாங்குங்க."

தெரசா சொன்னால் சொன்னதுதான்.

"வித்துட்டா நான் செத்தேன் குருவே" என்றார் இன்னாசி. "கல்யாணத்தன்னிக்கு அவளைக் கோயில்லேர்ந்து கூட்டிட்டு வந்த வண்டி."

குரு தரையில் கிடந்ததைப் பார்த்தார். இன்னாசியைப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வாங்கிய சந்தனம் அலமாரியில் மிச்சமிருந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் குழைத்து எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினார். உள்ளே ஒட்டியிருந்த மாதா படத்துக்குப் பொட்டு வைக்கப் போகிறாராக்கும் என்று இன்னாசி நினைத்தார்.

வேகம் காட்டும் மீட்டரின் கண்ணாடியில், எண்பது என்று எழுதியிருந்த இடத்தில், ஒரு பொட்டு வைத்தார் குரு.

"இதைத் தாண்டினாத்தான் நீங்க வாங்கிட்டு வந்த சாமானெல்லாம் கண்ணு முழிக்கும். அதுவரைக்கும் தூங்கும். ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க. முள்ளு எத்தனை தடவை தாண்டுச்சுன்னு சொல்லுங்க."

"தாண்டினா மாட்டித் தருவீங்களா?"

"மொதல்ல தாண்டட்டும்."

அந்த வாரம் முழுக்க இன்னாசி ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணைப் பொட்டிலும் வைத்து ஓட்டினார்.

"என்னங்க இது, மீட்டருக்கெல்லாம் பொட்டு?" என்றார் தெரசா.

"பேசாம வா. குரு காரியம்."

வாரம் முடிந்தது. பட்டறை வாசலில் கொக்கு வந்து நின்றது.

"தாண்டுச்சாண்ணே?"

"ஒரே ஒரு தடவை."

"பரவாயில்லையே! எங்க?"

இன்னாசி தலையைச் சொறிந்தார்.

"சொல்லுங்கண்ணே."

"மலை எறங்கி முடியுற எடத்துல, அடிவாரத்து நேர் எறக்கத்துல. பெட்ரோல் மிச்சமாகட்டும்னு கியரை எடுத்துட்டு நியூட்ரல்ல விட்டேன்."

குருவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எறக்கத்துல உருட்டி விட்டா என் பட்டறை டிரம்மும்தாண்ணே ஓடும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை நியூட்ரல்ல எறக்கினீங்க, கொக்கை நானே வித்துருவேன்" என்றார்.

"இனிமே சத்தியமா இல்ல."

"சரி. அண்ணி திட்ட ஆரம்பிக்கிறப்ப முள்ளு எங்க நிக்கும்?"

"அதுவா? இருபதுல. செகண்ட் கியர்ல வளைவு ஏறுறப்ப."

குரு மறுபடி சந்தனம் குழைத்தார். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

இன்னாசி கிண்ணத்தைப் பார்த்தார். கோணிப்பையைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார்.

அப்புறம் காரில் ஏறினார். பழைய பொட்டைக் கட்டை விரலால் அழித்தார். இருபதில் ஒன்று வைத்தார், கொஞ்சம் பெரிதாகவே.

"குருவே, இந்த எடத்துல இழுக்கிற சாமான் எதுவோ அதைக் குடுங்க."

வைரமணி அப்போதுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

ரேடியேட்டரைக் கழற்றி வருஷக்கணக்கான துருவை வெளியேற்றினார். என்ஜின் ஹெட்டைக் கொஞ்சம் இழைத்தார். காற்று கசியாதபடி வால்வுகளை உரசிச் சேர்த்தார். அலமாரியிலிருந்து, மெதுவாக ஏறும்போதே இழுக்கிற வேறொரு கேம் ஷாப்ட் எடுத்து மாட்டினார்.

"பார்க்கப் பழசு மாதிரியே இருக்கே?"

"பழசுக்கு இது சித்தி பொண்ணு. கொஞ்சம் கெட்டிக்காரி."

"சத்தம் கித்தம் ஒண்ணும் வராதா?"

"அதான் அண்ணி பக்கத்துலயே உக்காருறாங்களே!"

கிறிஸ்துமஸ் ஆர்டர் நாள் வந்தது. பின்சீட்டில் கூரை வரை பிளம் கேக். அதற்கு நடுவில், கிடைத்த இடத்தில், குரு. முன்னால் தெரசா, மடியில் மூன்றடுக்குக் கேக். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். வேனுக்கு விலை விசாரித்து வைத்திருப்பது இன்னாசிக்குத் தெரியும்.

எட்டாவது வளைவு. ஒன்பது. பின்னாலிருந்து குறட்டை கேட்டது. குரு தூங்கிவிட்டார்.

பதினோராவது வளைவு.

இன்னாசி மாதா படத்தைப் பார்த்தார். கொக்கு திணறவில்லை, முனகவில்லை. வளைவை ஒடித்துத் திரும்பி, தன் பாட்டுக்கு மேலே போனது. முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ், ஒதுங்கி வழி விட்டது. முள் சந்தனப் பொட்டைத் தாண்டி முப்பதில் நின்றது.

தெரசா மடியிலிருந்த கேக்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்!"

இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."