குடுக்கைக்குள் போன பாட்டு

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பியும் நம்பாமலும் சொல்லி வருகிறேன். எனக்கு இதைச் சொன்னவர் பிடாரியக்கா. இழவு வீடுகளில் ஒப்பாரி வைக்கப் போகிறவர். மந்திரவாதி வருவதையும் குடுக்கை பாட்டை விழுங்குவதையும் நான் சுலபமாக நம்பிவிட்டேன். கதை சுகமாக முடிகிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. நீங்களே கேட்டுப் பாருங்கள்.

மலைக்கும் ஆற்றுக்கும் இன்னும் பேர் வைத்திராத காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே நாற்று நட ஒரு பாட்டு, ஏற்றம் இறைக்க ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு பாட்டு. எப்போதும் இருந்ததால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. செண்பகராசாவும் நினைக்கவில்லை.

ஒரு வருஷம் மழை இல்லை. மறு வருஷமும் இல்லை. மூன்றாம் வருஷம் கருநாக்கன் என்ற மந்திரவாதி வந்தான். அவன் நாக்கு சொன்னால் சொன்னது நடக்கும். கையில் ஒரு சுரைக்குடுக்கை வைத்திருந்தான்.

“மழை கொண்டுவந்தால் என்ன தருவீர், ராசா?”

“பொன் வேண்டுமா, ஊர் வேண்டுமா? கேள்.”

“அதெல்லாம் சுமை. உம்முடைய நாட்டில் பாடுவது எல்லாம் எனக்கு.”

ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாட்டுதானே? கொண்டு போ.”

மழை பெய்தது. கூடவே குடுக்கையின் வாயும் திறந்துகொண்டது.

நடவுக்கு இறங்கிய பெண்கள் பாட வாயெடுத்தார்கள். வாய் திறந்தது, பாட்டு குடுக்கைக்குப் போனது. ஒருத்தி கை முந்தியது, இன்னொருத்தி கை பிந்தியது. நாற்று கோணிக்கொண்டு நின்றது. வயலுக்குள்ளேயே சண்டை மூண்டது. கல்யாணத்துக்குப் போனவர்கள் வாழ்த்துப் பாட வாயெடுத்தார்கள். வாய் திறந்தது, பாட்டு குடுக்கைக்குப் போனது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். தாய்மார்கள் தொட்டிலை ஆட்டி வாயெடுத்தார்கள். வாய் திறந்தது, பாட்டு குடுக்கைக்குப் போனது. பிள்ளைகள் கண்ணை மூடவே இல்லை.

கருநாக்கன் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்து, குடுக்கையைக் காதில் வைத்து எல்லாவற்றையும் தான் ஒருவனே கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஊரில் பேச்சி என்று ஒருத்தி. அவள் புருஷன் காத்தன் ஏற்றத்தின் மேல் நடந்து தண்ணீர் இறைக்கிறவன். முன்னே போகவும் பின்னே வரவும் பாட்டுதான் அவன் காலுக்குக் கணக்கு. பாட்டு இல்லாமல் நடந்தான். கால் தப்பிக் கிணற்றுக்குள் விழுந்தான்.

அவனைத் தூக்கிவந்து வாசலில் கிடத்தினார்கள். பேச்சி தலைமாட்டில் உட்கார்ந்து, “என்னக் கட்டுன ராசா, ஏத்தத்துல போனவரே” என்று ஆரம்பித்தாள். குரல் வந்தது. ராகத்தோடு வந்தது. ஊரே வாசலில் கூடிவிட்டது.

கருநாக்கன் பாறையிலிருந்து ஓடிவந்தான். “ஏய், யாரு பாடுறது? பாட்டெல்லாம் எனக்குன்னு உங்க ராசா கொடுத்தாச்சு.”

“நான் எங்க பாடுனேன்?” என்றாள் பேச்சி. “ஒப்பாரி வச்சேன். ஒப்பாரியை எவளாவது பாடுவாளா? வைக்கத்தான் செய்வா.”

கூட்டம் ஆமாம் என்றது. கருநாக்கன் யோசித்தான். தாலாட்டைப் பாடுகிறார்கள். ஏற்றத்தில் பாடுகிறார்கள். ஒப்பாரியை மட்டும் வைக்கிறார்கள். அவன் கேட்டு வாங்கிய சொல்லில் அது அகப்படவில்லை.

“சரி, வை. ஆனா செத்தவங்களுக்கு மட்டும் வை. உசுரோட இருக்கறவங்களுக்கு நீ வச்சா, யாரை நெனச்சு வைக்கிறியோ அவங்க உசுரு போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்து ஊர்த் தலையாரி செத்தார். பாடையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வயல் வரப்பில் இறக்கினார்கள். “பேச்சி, நீ வை. நடவு முடியட்டும்” என்றார்கள். அவள் வைத்தாள். பெண்கள் அழுதுகொண்டே நட்டார்கள். வரிசை நூல் பிடித்த மாதிரி வந்தது.

அதற்குப் பிறகு ஜனங்கள் ருசி கண்டுவிட்டார்கள். யார் வீட்டில் இருமல் கேட்டாலும் வாசலில் ஆள் கூடியது. வேலாண்டி என்ற கிழவர் படுத்த பாயிலிருந்தே, “கொஞ்சம் பொறுங்கய்யா. நான் போனதும் ஆசை தீரக் கேளுங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். யாரும் கலைந்து போகவில்லை.

பேச்சிக்கு அதெல்லாம் பெரிதில்லை. அவள் மகன் சுடலை இன்னும் தவழக்கூடத் தொடங்கவில்லை. அவன் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. அழவும் தெம்பில்லாமல் மேற்கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்து வீட்டு மாடத்தியின் பெண் குழந்தை அப்படிப் பார்த்தபடியே போய்விட்டது. அதற்குப் பேச்சி ஒப்பாரி வைத்தபோது, மடியில் கிடந்த சுடலையின் இமை தாழ்ந்தது. ஒப்பாரி முடிந்தது. இமை மறுபடி விரிந்துகொண்டது.

பேச்சி எழுந்து பிள்ளையை மாடத்தியின் கையில் கொடுத்தாள்.

“எங்கடி போறே?”

“ஒருத்தனுக்கு ஒப்பாரி வைக்க.”

“யாரு செத்தா?”

“இனிமேத்தான்.”

பாறைக்குப் போனாள். கருநாக்கன் குடுக்கையைக் காதிலிருந்து எடுத்தான்.

“என்ன பேச்சி, இந்தப் பக்கம்?”

“உனக்கு வைக்கத்தான் வந்தேன்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “நல்ல புத்திதான். ஆனா எந்த முறையில வைப்பே? முறை சொல்லாம ஒப்பாரி எடுக்க முடியுமா? நீ எனக்கு யாரு?”

அது நிஜம். அண்ணன், அப்பன், புருஷன், பிள்ளை என்று ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டால்தான் ஒப்பாரி எழும். அந்த முறை மனசில் இல்லாவிட்டால் தொண்டையில் நின்றுவிடும்.

பேச்சி தரையில் உட்கார்ந்தாள். “என் கூடப்பிறந்த அண்ணா” என்றாள். அவளுக்கு அண்ணன் இருந்ததில்லை. குரல் எழவில்லை.

“என்னைப் பெத்த அப்பா” என்றாள். அப்பன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. குரல் எழவில்லை.

“அவ்வளவுதானா? புருஷனுக்கு ஏற்கெனவே வச்சாச்சு” என்று கருநாக்கன் எடுத்துக்கொடுத்தான்.

பேச்சி அவனைப் பார்த்தாள். “நான் பெத்த மகனே” என்றாள்.

வந்தது. காட்டாறு போல வந்தது. தூங்காத கண்ணைச் சொன்னாள், உறங்காத தொட்டிலைச் சொன்னாள், குடிக்காமல் கட்டிப்போன பாலைச் சொன்னாள். அவள் கண் கருநாக்கனைப் பார்த்தது. மனசு யாரைப் பார்க்கிறது என்பது பாதியில்தான் அவளுக்கே தெரிந்தது. நிறுத்தப் பார்த்தாள். எடுத்த ஒப்பாரி நிற்கவில்லை.

கருநாக்கனை அதுவரை யாரும் மகனே என்று கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. தனக்குத்தான் என்று நம்பி, அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்டுக்கொண்டே கண்ணை மூடினான். மூடிய கண் திறக்கவில்லை. குடுக்கை பாறையில் விழுந்து பிளந்தது.

பேச்சி ஊரைப் பார்த்து ஓடினாள். ஏற்றத்தில் பாடினார்கள். வயலில் பாடினார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு தாலாட்டுக் கேட்டது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்ததால் அவள் ஓடுவதை யாரும் கவனிக்கவில்லை.

மாடத்தி பிள்ளையை மடியில் வைத்தபடி வாசலில் இருந்தாள். “தூங்கிட்டான்டி” என்றாள். “தெருவுல பாட்டு கேக்குறதுக்கு முந்தியே கண்ணை மூடிட்டான்.” அவள் பேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பேச்சி பிள்ளையை வாங்கினாள். மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கவில்லை. மாரில் காதை வைத்தும் பார்க்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, மெதுவாக ஆட்டத் தொடங்கினாள்.

ராசா தாமே வந்து தோட்டமும் துரவும் கொடுத்தார். கொன்றைநாட்டில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நாடும் சுகம், நாட்டாரும் சுகம்.

இவ்வளவுதான் பிடாரியக்கா சொன்னது. “பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் எடுத்த குரலை அவ நிறுத்தவே இல்லய்யா” என்று முடித்துவிட்டு வெற்றிலையை மடிப்பார். கேட்கத் துணியாமல் எத்தனையோ தடவை எழுந்து வந்திருக்கிறேன். போன மாதம் ஒரு இழவு வீட்டிலிருந்து இருவரும் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

“அக்கா, அந்தப் பிள்ளைக்குப் பேச்சி பாடினாளா, வச்சாளா?”