காடே பாடிய களிமண் பாட்டு

ஆம்பல் குளத்தங்கரையில் ஒரு நண்டு கடை போட்டிருந்தாள். பெயர் பவளாயி. அவள் விற்றது களிமண்.

களிமண்ணை யார் வாங்குவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இது காலில் ஒட்டுகிற கரைச் சேறு இல்லை. பவளாயியின் வளைக்குள் மூன்று முழம் இறங்கினால்தான் கிடைக்கும். உடம்பில் பூசி வெயிலில் காயவிட்டால், தோலைக் கவ்விக்கொண்டிருக்கும் உண்ணிகள் மூச்சு முட்டிப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒருநாள் ஒரு வழிப்போக்குக் கீரி, அவள் தோண்டி வளை வாசலில் குவித்திருந்த அந்தக் களிமண்ணில் விழுந்து புரண்டு, அதன் உடம்பிலிருந்த உண்ணியெல்லாம் உதிர்ந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குக் கடை போடும் யோசனையே வந்தது. கீரி அதன் வழியில் போய்விட்டது. அதனால் இந்தச் சங்கதி பவளாயி ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

களிமண்ணை நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி அழகாக அடுக்கி வைத்திருந்தாள். ஓர் உருண்டைக்கு ஒரு பிடி தானியம், இல்லையென்றால் இரண்டு நாவல் பழம். வளைக்குள் அவளுக்கு இருபது குஞ்சுகள். இருபது வாய்க்கும் அந்தக் கடைதான் சோறு போட வேண்டும்.

ஆனால் போணியே ஆகவில்லை. கடை போட்டுப் பதினைந்து நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நண்டு ஓட்டுகிற ஈ எத்தனை தூரம் போகும்? அதுவும் திரும்பி வந்து உருண்டை மேலேயே உட்கார்ந்தது.

அந்தக் குளக்கரைச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்கு முன்னால் முயல் காது உயரத்துக்குப் புல் வளர்ந்துவிட்டால், கடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். நாலு பேர் வந்து போகிற கடையென்றால் கால் பட்டுப் புல் தேய்ந்திருக்கும் இல்லையா? புல் வளர்ந்தால் அங்கே யாரும் வருவதில்லை என்று அர்த்தம். முயல் தங்கராசு தினமும் காலையில் வருவான். ஒவ்வொரு கடை முன்னாலும் குனிந்து, காதைப் புல்லோடு சேர்த்து வைத்து அளந்து பார்ப்பான்.

"இன்னும் பாதிக் காதுதான் பாக்கி அக்கா" என்றான் அன்றைக்கு. அவன் நல்லவன்தான். சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பவளாயி மேட்டை ஏறிட்டுப் பார்த்தாள். மேட்டில் நாளெல்லாம் வெயில். அங்கே களிமண் ஒரு பொழுதில் கல்லாகிவிடும். கல்லை யார் பூசிக்கொள்வார்கள்? கடை போய்விட்டால் குஞ்சுகள் பட்டினி. அவள் இடத்துக்காக ஒரு கொக்கு வேறு ஏற்கெனவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு மந்தி சிங்காரத்தின் நினைவு வந்தது.

சிங்காரத்தைத் தெரியாதவர்கள் அந்தக் காட்டில் கிடையாது. சாயங்காலம் ஆனால் எதிர்க்கரைப் பாறையில் மயில்கள் ஆடும். காடே கூடி உட்கார்ந்து பார்க்கும். மயில்கள் இறகைக் கோதிக்கொண்டு இளைப்பாறுகிற நேரத்தில், சிங்காரமும் அவன் கூட்டமும் பாறையில் ஏறி விளம்பரம் போடுவார்கள். கரடியின் தேன், கிளியின் பழம், யார் எதைக் கொண்டு வந்தாலும் நடித்துக் காட்டுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, சிங்காரம் பெரிய கலைஞன். அவன் வாலை ஆட்டினாலே கூட்டம் சிரிக்கும்.

பவளாயி குளத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்து அவனிடம் போய்ச் சேர அரைநாள் ஆயிற்று. கூலியாக இரண்டு தொன்னை நாவல் பழம் கேட்டான். கோடைக்கென்று குஞ்சுகளுக்கு அவள் சேர்த்து வைத்திருந்ததே அவ்வளவுதான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தாள்.

சிங்காரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அக்கா, உங்க களிமண் வழுக்குமா?"

"வழுக்கும் தம்பி, நல்லாவே வழுக்கும்."

"போதும். மிச்சத்தை என்கிட்ட விடுங்க."

மறுநாள் சாயங்காலம் அந்த வேடிக்கையைப் பார்த்திருக்க வேண்டுமே! சிங்காரம் கல்யாண மாப்பிள்ளையாக வந்தான். கழுத்தில் பூமாலை, தலையில் தாமரை இலைத் தலைப்பாகை. மிடுக்காக நாலு அடி வைத்தான். பாறையில் பூசியிருந்த களிமண்ணில் கால் வழுக்கியது. விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். உருண்டு புரண்டு உச்சி முதல் வால் வரைக்கும் கறுப்பாகிவிட்டான். மணமகள் மந்தி வந்தாள். எது மாப்பிள்ளை என்று தெரியாமல், வேடிக்கை பார்க்க வந்த கரடியின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டாள். கரடி வெட்கத்தில் நெளிந்தது. உடனே மந்திக் கூட்டம் கை தட்டிப் பாடியது.

"வழுக்குது வழுக்குது, மாப்பிள்ளைக்கு வழுக்குது!
கரடியார் கழுத்திலே மாலை வந்து விழுகுது!"

காடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யானைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது பவளாயிதான். இனி நம் கடையில் கூட்டம் அலைமோதும் என்று நினைத்து, அன்றைக்கே நூறு உருண்டை கூடுதலாக உருட்டி வைத்தாள்.

விடிந்தது. யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

பாட்டு மட்டும் எல்லா இடத்திலும் கேட்டது. மரத்து மேலே அணில்கள் பாடின. தண்ணீர் குடிக்க வந்த மான்கள் பாடிக்கொண்டே குடித்து, பாடிக்கொண்டே போயின. பவளாயி ஒரு புள்ளிமானை நிறுத்தி, அந்த விளம்பரம் எந்தச் சரக்குக்கு என்று கேட்டாள். மான் யோசித்தது. பிறகு, கரடி வந்ததே, கரடித் தேனுக்காகத்தான் இருக்கும் என்றது.

அன்று மதியம் கரடி ஒரு தேனடையோடு அவள் கடைக்கு வந்தது. அவள் புண்ணியத்தில் தேன் மொத்தமும் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். நன்றி சொல்லிவிட்டுப் போனது. குஞ்சுகள் தேனடையைச் சுற்றிக் கும்மாளம் போட்டன. பவளாயி ஒரு துளிகூடத் தொடவில்லை.

அவள் மறுபடி சிங்காரத்திடம் போய் முறையிட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. காடே பாடுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூலி இல்லாமலே இன்னொரு தடவை போடுவதாகச் சொன்னான். இந்த முறை இரண்டு மாப்பிள்ளை, இரண்டு கரடி. சிரிப்பு இரண்டு மடங்கு வந்தது. கடைக்கு வந்தது முயல் ஒருவன்தான், காதும் கையுமாக.

"நாளைக்குக் காலையில காது உயரம் வந்துடும் அக்கா" என்றான் தங்கராசு. "நான் என்ன செய்யட்டும்?"

அவன் போன பிறகு, பவளாயி அடுக்கி வைத்த உருண்டைகளை ஒவ்வொன்றாக வளைக்குள் தள்ள ஆரம்பித்தாள். குஞ்சுகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அழுகை வந்தது.

அந்த நேரத்தில்தான் கடைக்குப் பக்கத்திலிருந்த மருத மரம் தடதடவென்று ஆடியது. காட்டெருமை பெரியகருப்பன் கழுத்தை மரத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கழுத்து முழுக்க உண்ணி. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து ரத்தம் கசிந்தது. தேய்த்துக்கொண்டே அவன் பாடினான். "வழுக்குது வழுக்குது, மாப்பிள்ளைக்கு வழுக்குது..."

பவளாயிக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

"அண்ணே, அந்தப் பாட்டு எதுக்குன்னு தெரியுமா?"

"பாட்டு எதுக்கு? பாடத்தான்" என்றான் பெரியகருப்பன். "இந்தச் சனியன் பிடிச்ச உண்ணி ஒரு மாசமாத் தூங்க விடல தங்கச்சி. அந்த மந்தி விழறப்போ மட்டும்தான் அரிப்பு மறந்து போச்சு."

"அவன் விழுந்தது என் களிமண்ணுல அண்ணே. அதைப் பூசிக் காயவிட்டா உண்ணி உதிர்ந்துடும்."

பெரியகருப்பன் தேய்ப்பதை நிறுத்தினான். அவளையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "இதை ஏன் யாருமே சொல்லல?"

பவளாயி யோசித்துப் பார்த்தாள். சிங்காரம் கேட்கவில்லை, சரி. அவள் சொன்னாளா? வழுக்குமா என்றான், வழுக்கும் என்றாள். சந்தையில் களிமண் களிமண் என்றுதான் கூவினாளே தவிர, உண்ணி என்ற சொல்லை ஒரு நாளாவது வாயில் எடுத்தாளா? தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று இருந்துவிட்டாள். அவளுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

"படுங்க அண்ணே" என்றாள்.

பெரியகருப்பன் கடைக்கு முன்னால் படுத்தான். பவளாயி அவன் முதுகில் ஏறி, கொம்படியிலிருந்து திமில் வரைக்கும் இண்டு இடுக்கு விடாமல் பூசினாள். குஞ்சுகள் உருண்டைகளைச் சுமந்து சுமந்து மேலே கொடுத்தன. களிமண் வெயிலில் இறுகி வெடித்தது. முதலில் ஓர் உண்ணி விழுந்தது. பிறகு நாலு. பிறகு கொத்துக் கொத்தாக விழுந்தன. பெரியகருப்பன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அடுத்த நொடி குறட்டை கேட்டது. ஒரு மாதத் தூக்கம் அல்லவா? மறுநாள் காலை வரை அவன் அசையவில்லை.

தங்கராசு அளக்க வந்தான். கடை முன்னால் இருந்த புல் முழுக்கக் காட்டெருமையின் வயிற்றுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. காதை எங்கே வைப்பது? சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டான். கொக்கு இரண்டு காலையும் ஊன்றி வேறு இடம் தேடிப் போனது.

ஒரு நாள் பிழைத்தது. ஆனால் புல் மறுபடியும் முளைக்காதா? பவளாயி சும்மா இருக்கவில்லை. நேராகச் சிங்காரத்திடம் போனாள். அவன் மரக்கிளையில் உட்கார்ந்து அக்குளைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தான். அவள் கிளைக்கு ஏறிப் போய், கையோடு கொண்டு வந்திருந்த ஓர் உருண்டையை எடுத்து அவன் அக்குளில் பூசினாள்.

கொஞ்ச நேரத்தில் களிமண் காய்ந்து உண்ணிகள் உதிர்ந்தன. சிங்காரம் கையைத் தூக்கிப் பார்த்தான். இறக்கிப் பார்த்தான். அரிப்பு இல்லை.

"அக்கா, ரெண்டு தடவை இதுலயே உருண்டேன். நடிச்சு முடிச்சதும், காயறதுக்கு முன்னாடியே ஓடிப்போய்க் குளத்துல கழுவிட்டேன்" என்றான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க விக்கிறது என்னன்னு கேக்காமலே உங்க பழத்தைத் தின்னுட்டேன்."

"நானும் சொல்லலையே தம்பி. சிரிக்க வைக்கிறது உன் கை வந்த கலை. அதை விடாதே. ஆனா இந்தத் தடவை அரிப்பை வச்சுச் சிரிக்க வை."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை மறுபடி வந்தான். இந்த முறை வழுக்கவில்லை. மணையில் உட்கார முடியாமல் நெளிந்தான். மாலை மாற்றுகிற நேரத்தில் முதுகைச் சொறிந்தான். சொறிகிற அவசரத்தில் மாமனாரின் முதுகையும் சேர்த்துச் சொறிந்தான். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றும் தன்னை அறியாமல் தன் கழுத்தையும் காதையும் சொறிந்தது. அப்போது பவளாயி பாறையில் ஏறினாள். எல்லார் கண் முன்னாலும் மாப்பிள்ளையின் முதுகில் களிமண்ணைப் பூசினாள். மயில்கள் ஒரு ஆட்டம் ஆடி முடிக்கிற நேரத்துக்குள் அது மாலை வெயிலில் காய்ந்து, உண்ணிகள் பாறையில் உதிர்ந்தன. மாப்பிள்ளை நிம்மதியாக மணையில் உட்கார்ந்தான். பெரியகருப்பன் கூட்டத்திலிருந்து எழுந்து, உண்ணி இல்லாத தன் கழுத்தை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினான். நண்டு பவளாயி களிமண், மருத மரத்தடியில் கிடைக்கும் என்று சிங்காரம் மூன்று தடவை சொன்னான்.

சிரிப்பு பழையபடி இல்லை, கொஞ்சம் குறைவுதான். யானை கண்ணீர் விடவில்லை. சிங்காரத்துக்கு அதில் சிறிது வருத்தம்கூட.

மறுநாள் பொழுது புலர்ந்தபோது பவளாயி வளையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். கடை முன்னால் கால்கள். மான் கால், பன்றிக் கால், நரிக் கால், யானைக் கால். வரிசை குளத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது. அன்றைக்கு ஒருவர் வாயிலும் பாட்டு இல்லை. குட்டியின் காதில் பூசலாமா என்று கேட்டது ஒரு தாய்மான். எத்தனை நேரம் காய வேண்டும் என்று கேட்டது பன்றி. பவளாயி ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். உச்சி வெயிலுக்குள் கையிருப்பில் இருந்த நூற்றிருபது உருண்டையும் தீர்ந்துவிட்டது. குஞ்சுகள் வாய் நிறைய நாவல் பழத்தோடு அடுத்த களிமண்ணை உருட்ட உட்கார்ந்தன.

வேடிக்கை காட்டினால் கூட்டம் கூடும், ஆனால் அந்தச் சரக்கு தன் எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும் என்று புரிந்தவர்தான் கடைக்கு வருவார்.